கம்பிக் கணக்கைச் சரிபார்ப்பது யார்: பக்கத்து மேசையா, வெளியாளா?

யாழ்ப்பாணத்தில் மூன்று, நான்கு மாடி எழுப்புகிறவர்களிடம் கட்டமைப்பு வரைபடத்தை யார் சரிபார்த்தது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "சபை அனுமதி கிடைச்சிட்டுது" என்பதுதான். உள்ளூராட்சிச் சபை முதன்மையாகப் பார்ப்பது தெருக்கோடு, எல்லையிலிருந்து விடும் இடைவெளி, வெளிச்சம், காற்றோட்டம், மலக்குழி போன்றவற்றை. அந்த முத்திரையை நம்பித் தூண் எழுப்ப முடியாது.

உண்மையான தெரிவுகள் மூன்று. வடிவமைத்தவரே திரும்பப் பார்ப்பது, அதே அலுவலகத்தில் இன்னொருவர் பார்ப்பது, தொடர்பில்லாத வெளியாள் பார்ப்பது. ஐரோப்பியக் கட்டமைப்பு வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோகோட்டின் ஈ.என். 1990 பின்னிணைப்பு 'பி' இந்த மூன்றையும் படிநிலையாகவே வைத்திருக்கிறது. சாதாரண குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும் இரண்டாவது போதும், இடிந்தால் பெருஞ்சேதம் வரக்கூடியவற்றுக்கு மூன்றாவது என்பது அதன் போக்கு.

இங்கே மூன்று மாடிக்கு மேல் எதுவானாலும் மூன்றாவதையே எடுக்கச் சொல்வேன். ஒரு பொறியியலாளரும் ஒரு படவரைஞருமாக நடக்கும் அலுவலகத்தில் இரண்டாவது தெரிவு என்று ஒன்று இல்லவே இல்லை. அது முதலாவதாகச் சுருங்கிவிடும். பெரிய அலுவலகமானால் பக்கத்து மேசைக்காரர் கூட்டல் பிழையைப் பிடிப்பார், கம்பி அட்டவணையும் வரைபடமும் ஒத்துப்போகாததைப் பிடிப்பார். ஆனால் அவர் திறப்பதும் அதே மென்பொருள் கோப்பைத்தான். அதில் சுவரின் பாரம் விடுபட்டிருந்தால் அவர் கணக்கிலும் விடுபடும்.

வெளியாள் என்றால் மட்டும் போதாது. அவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டடக்கலை வரைபடம், மண் அறிக்கை, கட்டமைப்பு வரைபடம் மூன்றையும் கொடுங்கள். வடிவமைத்தவரின் கணக்குத் தாள்களை முதலில் கொடுக்க வேண்டாம். வெளியாள் தன் கணக்கை முடித்த பிறகு இரண்டையும் ஒப்பிடட்டும். பிரித்தானியப் பாலங்களுக்கான மூன்றாம் வகைச் சரிபார்ப்பும் இந்த முறைதான்.

ஒரு நடுத்தூணைப் பாருங்கள். தூண்கள் 4 மீற்றர் இடைவெளியில் நின்றால் ஒரு தூணுக்கு ஒரு தளத்தில் 16 சதுர மீற்றர் விழும். சிலாப், பீம், சுவர், பாவனைப் பாரம் (ஆட்கள், தளபாடங்களின் எடை) எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 12 கிலோநியூற்றன் (ஒரு கிலோநியூற்றன் ஏறத்தாழ 100 கிலோ எடை) என்று எடுத்தால், நான்கு தளத்துக்கு 768 கிலோநியூற்றன். மண் தாங்குவது சதுர மீற்றருக்கு 150 கிலோநியூற்றன் என்றால் அத்திவாரம் ஏழரை அடிக்கு ஏழரை அடி வேண்டும். வரைபடத்தில் 5 அடிக்கு 5 அடி இருந்தால் மண்ணில் விழுவது சதுர மீற்றருக்கு 330 ஐத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டாம், அரை மணி நேரம் போதும். ஆனால் வெறுந்தாளில் தொடங்குபவருக்குத்தான் இது கண்ணில் படும்.

பாவனையும் அப்படித்தான். வீடு என்று சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூற்றனில் வடிவமைத்த மேல்மாடியை நாளைக்கு ரியூசனுக்கு விட்டால் வகுப்பறைக்கு 3 வேண்டும். கல்யாண மண்டபம் என்றால் 5. மேல்மாடியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வீட்டுக்காரரை வெளியாள்தான் கேட்பார்.

எங்கள் மண்ணுக்கென்று இரண்டு கேள்விகள் உண்டு. கீழே இருப்பது சுண்ணக்கல், அது நீரில் கரையும் கல். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான். மேலே கடும்பாறை தட்டுப்பட்டதும் குழியை நிறுத்திவிடுகிறார்கள். அடியில் பொந்து இருக்கலாம். ஒவ்வொரு தூண் குழியிலும் அத்திவார அகலத்தின் ஒன்றரை மடங்கு ஆழத்துக்காவது துளைத்துப் பார்க்கும்படி வரைபடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மற்றது கம்பிக்கு வெளியே நிற்கும் கொங்கிறீற்றின் தடிப்பு. குருநகர், வல்வெட்டித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று படும் பக்கங்களுக்கு கொங்கிறீற்றுக்கான யூரோகோட் 2 வழக்கமான கட்டமைப்பு வகுப்பில் (50 ஆண்டுப் பாவனைக்கு) 35 மில்லிமீற்றரும், வேலைத்தள விலகலுக்கு இன்னொரு 10 உம் கேட்கிறது. பொதுக்குறிப்பில் 25 என்று கிடந்தால் திருப்பி அனுப்ப அதுவே காரணம்.

வெளியாரின் எல்லையைக் குறுக்கினாலும் ஆபத்துத்தான். 2018 இல் மயாமியில் பல்கலைக்கழக நடைபாலம் கட்டுமானத்தின்போதே இடிந்து 6 பேர் இறந்தார்கள். அதற்கு வெளியார் சரிபார்ப்பு நடந்திருந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது முடிந்த பாலத்தை, கட்டும்போது வரும் இடைக்கட்டங்களைக் கணக்கிடவில்லை. ஆகவே சரிபார்ப்பாளருக்குக் கொடுக்கும் வேலைக்கடிதத்தில், தளத்தைத் தாங்கும் முட்டு எப்போது எடுப்பது, மேல்தளம் போடும்போது கீழ்த்தளம் எதைத் தாங்கும் என்பதும் வரவேண்டும்.

ஒரு மாடி வீட்டுக்கு இவ்வளவும் தேவை என்று சொல்லமாட்டேன். அதற்குக் கவனமான இரண்டாவது கண் போதும். பைல் அத்திவாரத்துக்கும் (ஆழத்துக்கு இறக்கும் தூண்கள்) மேலே சொன்ன தூண் கணக்குப் பொருந்தாது.

கட்டணத்தை வீட்டுக்காரர் நேரே கொடுக்க வேண்டும், வடிவமைத்தவர் கையால் அல்ல. சரிபார்ப்பாளர் தன் கையொப்பத்தோடு வரைபடத் திருத்த இலக்கத்தையும் எழுதட்டும். 5,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை மொட்டை மாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றினால் 5 தொன் இடம் மாறுகிறது. புதிய இலக்கத்தோடு அந்த வரைபடம் திரும்ப அவரிடம் போகாமல் மேசன்மார் கையில் கொடுக்காதீர்கள்.