69 குதிரைத்திறனே போதும்: பழைய ஃபோர்டு ஃபிகோ டீசல் பற்றி

கார் விமர்சனம் என்று தேடினால் இப்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் டச்ஸ்கிரீன் எத்தனை அங்குலம், சன்ரூஃப் எவ்வளவு பெரிது, சீட்டில் காற்று வருமா என்பதிலேயே ஓடிவிடுகிறது, ஓட்டும்போது வண்டி எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் எழுதப் போகும் காரில் அதெல்லாம் எதுவும் கிடையாது. விலை அதிகமான டைட்டானியம் மாடலிலேயே பின் கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். 2010 மார்ச்சில் விற்பனைக்கு வந்து 2015 வரை ஓடிய முதல் தலைமுறை ஃபோர்டு ஃபிகோ, 1.4 லிட்டர் டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கி இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதைவிட இரண்டு மடங்கு சக்தியும் நான்கு மடங்கு விலையும் உள்ள எஸ்யூவிகளை நண்பர்கள் ஆசையாகக் கொடுத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி ஃபிகோவில் உட்கார்ந்தால்தான் கார் ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது.

இது வெறும் பழக்கம், பாசம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்குப் பின்னால் தெளிவான இயந்திரக் காரணங்கள் இருக்கின்றன, அதில் முதலாவது ஸ்டியரிங்.

ஃபிகோவில் இருப்பது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். என்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் ஒரு பம்ப், ஆயிலை அழுத்தி ஸ்டியரிங் ரேக்குக்கு, அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டுக்கு, அனுப்புகிறது. நீங்கள் ஸ்டியரிங்கை எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்களோ அதற்கேற்ப ஒரு வால்வு திறந்து உதவி செய்கிறது, அவ்வளவுதான். இன்றைய கார்களில் பெரும்பாலும் இந்த வேலையை ஒரு மின்மோட்டார் செய்கிறது, எவ்வளவு உதவ வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பம்ப் எந்நேரமும் சுற்ற வேண்டியதில்லை என்பதால் கொஞ்சம் எரிபொருள் மிச்சம், பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம், வண்டி தானே கோட்டுக்குள் போகிற வசதிகளுக்கும் இந்த மோட்டார்தான் வேண்டும். நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த மோட்டாருக்கும் அதன் பல்சக்கரங்களுக்கும் சொந்தமாக ஒரு உராய்வும் ஒரு கனமும் இருக்கின்றன, சாலையிலிருந்து வருகிற சின்னச் சின்ன அசைவுகள் அதைத் தாண்டி நம் கைக்கு வருவதற்குள் பாதி தொலைந்துவிடுகிறது.

அந்தச் சின்ன அசைவுகளால் என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். ஒரு வளைவில் முன் சக்கரங்களைத் திருப்பும்போது, அவை தாமாகவே நேராகத் திரும்பிவிடப் பார்க்கும். நம் கையில் படுகிற கனம் அதுதான். டயர் பிடிப்பின் எல்லையை நெருங்க நெருங்க அந்த இழுப்பு குறையத் தொடங்கும், அதாவது டயர் வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்டியரிங் லேசாகிவிடும். மழை பெய்து மண் வழிந்து கிடக்கிற மலைச்சாலையில் இந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிகோவில் இது உள்ளங்கையில் தெரிகிறது. பல புது வண்டிகளில் கனம் ஒரே மாதிரி இருக்கும், 'ஸ்போர்ட்' பட்டனை அழுத்தினால் இன்னும் கனமாகும். கனத்தைக் கூட்டினால் உணர்வு வந்துவிடும் என்று யார் சொன்னார்கள் தெரியவில்லை, கை வலிப்பதைத் தவிர அதில் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

எலக்ட்ரிக் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஃபோர்டே 2011இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த புதிய ஃபியஸ்டாவில் எலக்ட்ரிக் ஸ்டியரிங்தான், அது நன்றாகவே இருந்தது. உட்கார்ந்து பொறுமையாக அதைச் சரிசெய்ய ஒருவருக்கு மனசும் கம்பெனியில் அதற்கான நேரமும் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது நடப்பதில்லை.

ஃபோர்டில் அப்படி மெனக்கெட்ட ஒருவர் இருந்தார். ரிச்சர்ட் பாரி ஜோன்ஸ், வேல்ஸ் நாட்டுப் பொறியாளர். 1990இல் ஐரோப்பாவில் வந்த ஃபோர்டு எஸ்கார்ட், ஓட்டுவதற்குச் சப்பென்று இருக்கிறது என்று விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு 1993இல் மோண்டியோ, 1998இல் ஃபோகஸ் என்று வரிசையாக வந்த கார்கள் சாதாரணக் குடும்பக் காரையும் ரசித்து ஓட்டலாம் என்று காட்டின, அதில் இவருடைய பங்கு பெரிது. ஒரு கார் நல்ல காரா இல்லையா என்பதை முதல் 50 மீட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பந்தயத் தடமும் வேண்டாம், உச்ச வேகமும் வேண்டாம். வண்டியைக் கிளப்பி, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு, லேசாகத் திருப்பி, மெதுவாகப் பிரேக் பிடித்து நிறுத்துவதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். நானும் இப்போது எந்தக் காரில் உட்கார்ந்தாலும் இதைச் செய்து பார்க்கிறேன். ஸ்டியரிங், பிரேக், கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர் ஐந்தும் ஒரே ஆள் செய்த மாதிரி இருக்க வேண்டும். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி, பிரேக் தொட்டவுடன் தலை முட்டுகிற மாதிரி, கிளட்ச் எங்கோ மேலே வந்து பிடிக்கிற மாதிரி இருந்தால் அந்த வண்டியோடு கடைசிவரை போராட்டம்தான்.

நம் ஊருக்கு இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. ஃபோர்டு 1990களில் மஹிந்திராவோடு சேர்ந்து இங்கே முதலில் விற்ற கார் எஸ்கார்ட். அடுத்து, 1999இல் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஆலையில் செய்து வெளியே வந்தது ஐகான். ஐரோப்பிய ஃபியஸ்டாவை அடிப்படையாக வைத்துச் செய்த கார் அது. அந்த 1.6 பெட்ரோல் ஐகானை இன்றும் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும். 2002இல் ஐரோப்பாவில் வந்த அடுத்த ஃபியஸ்டாவின் அடித்தளத்தில்தான் நம் ஃபிகோ உருவானது, இதுவும் மறைமலை நகரில்தான். வெளியே முகத்தை மாற்றினார்கள், உள்ளே செலவைக் குறைத்தார்கள், ஆனால் அடியில் இருந்த நல்ல விஷயங்களைக் கெடுக்கவில்லை. ஆரம்ப விலை 3.49 லட்சம். அந்த விலைக்கு அப்படியொரு சேஸி, அதாவது சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் சேர்ந்த அடிப்பகுதி, கிடைத்ததை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான்.

சரி, சஸ்பென்ஷன். காகிதத்தில் ஒன்றுமே இல்லை, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் ட்விஸ்ட் பீம், எல்லாச் சின்னக் காரிலும் இருப்பதுதான். வித்தியாசம் டாம்பரில், அதாவது ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு முறை அமுங்கும், ஒரு முறை எழும்பும், அத்தோடு அடங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது ஆட்டம் இல்லை. வளைவில் வண்டி சாயத்தான் செய்யும், சாய்வதில் தவறில்லை. எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எப்படிச் சாய்கிறது என்பதுதான் முக்கியம், படிப்படியாகச் சாய்ந்து ஓரிடத்தில் நின்றுகொண்டால் நமக்குப் பயம் வராது. ரொம்ப இறுக்கமான சஸ்பென்ஷன் போட்டு 'ஸ்போர்ட்டி' என்று விற்கிற வண்டிகள் வழவழப்பான சாலையில் நன்றாக இருக்கும், நம் ஊர் ஒட்டுப்போட்ட சாலையில் வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் பின்பக்கம் துள்ளி வேறு பக்கம் போகும். ஃபிகோ அந்த மேட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் திருப்பிய திசையிலேயே போகும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியர், சில இடங்களில் முதல் கியர், மேலே போகப் போக வளைவுகள் நெருங்கிக்கொண்டே வரும். இங்கே 150 குதிரைத்திறன் இருந்தாலும் செலவழிக்க இடமே கிடையாது. ஃபிகோவின் டீசலுக்கு 69 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர் இழுவை, வண்டியின் எடை 1,100 கிலோவை ஒட்டி. அந்தக் காலத்து ஸ்விஃப்ட் டீசல் இதைவிடச் சக்தி கூடியது, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர், ஆனால் அதில் டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) கொஞ்ச நேரம் தூங்கிவிட்டுத் திடீரென்று எழுந்து இழுக்கும், நேர் ரோட்டில் அது ஒரு குஷி, மலையில் வளைவின் நடுவே அந்த இழுப்பு வந்தால் அவஸ்தை. ஃபிகோ என்ஜின் பிரஞ்சு பிஎஸ்ஏ கம்பெனியோடு சேர்ந்து செய்த எட்டு வால்வு டீசல். கீழிருந்தே நிதானமாக இழுக்கும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தோமோ அவ்வளவுதான் தரும். அதனால் வளைவுக்கு முன் பிரேக், உள்ளே திருப்பு, வெளியே வரும்போது மிதி என்று ஒரு தாளம் தானாக அமைந்துவிடுகிறது. மேலே சோளக்காடு போய்ச் சேரும்போது வேகமானி பெரிதாக எதையும் தொட்டிருக்காது, ஆனால் ஒவ்வொரு வளைவையும் நானே ஓட்டினேன் என்ற திருப்தி இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை ஒரு கார் ஓட்டச் சிறப்பாக இருக்கிறது என்றால் அர்த்தம் இதுதான்: வண்டிக்கு என்ன நடக்கிறது என்பது நமக்கு உடனே தெரிகிறது, நாம் சொன்னதை வண்டி சொன்ன அளவுக்குச் செய்கிறது, அதுவும் சாதாரண வேகத்திலேயே. 40 கிலோமீட்டர் வேகத்தில் ரசிக்க முடியாத காரை 140இல் ஓட்டினால் கிடைப்பது பயம், அதைத்தான் பலர் ஜாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மஸ்டாவின் எம்எக்ஸ்-5 1989இல் வந்தபோது அதன் 1.6 என்ஜின் ஒன்றும் பெரிய சூரன் கிடையாது, எடையைக் குறைத்து, பின்சக்கர இழுவை கொடுத்து, கியர் போடுவதையே ஒரு சுகமாக்கினார்கள், உலகமே அதைக் கொண்டாடியது. ஃபிகோவை அதற்குச் சமமாக வைக்கவில்லை, ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் யோசனை ஒன்றுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் நான்கு பேர், மூட்டை முடிச்சு, ஏசி என்று போகும்போது லாரியை முந்துவதற்கு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும், நினைத்தவுடன் பாயாது. டீசல் சத்தம் உள்ளே கேட்கும். பிளாஸ்டிக் சுமார். ஆனால் ஏசி அருமை, மே மாத வெயிலிலும் பின் சீட் வரை குளிரும். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பாதுகாப்பு: 2014இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத ஃபிகோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜிய ஸ்டார்தான் கிடைத்தது. ஓட்ட எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை மறைத்து நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பத்தோடு நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர்கள் புதிதாக, நல்ல ஸ்டார் வாங்கிய வண்டியையே வாங்குங்கள். இது மலைக்கும் ஊருக்கும் ஆசைக்குமான இரண்டாவது கார்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகர் ஆலையை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது, என் போன்றவர்களின் வருத்தம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சர்வீஸும் உதிரி பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன, அதுவரை நல்லது.

இப்போது தேடி வாங்க நினைப்பவர்களுக்கு. ஆரம்ப மாடல்களுக்கு 15 வருட ஆர்சி முடிந்திருக்கும், எஃப்சி காட்டிப் புதுப்பித்து, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த டீசலில் டைமிங் பெல்ட் உண்டு, மாற்றிய பில் கையில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், அறுந்தால் என்ஜினே போய்விடும். ஸ்டியரிங் ரேக்கில் ஆயில் கசிவு, லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்), ஷாக் அப்சார்பர் மூன்றையும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை விட்டு வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இவை தேய்ந்திருந்தால் நான் மேலே எழுதிய எதுவுமே உங்களுக்குக் கிடைக்காது, சுமாரான ஒரு பழைய கார்தான் கிடைக்கும். டயர் அளவு 175/65 ஆர்14, அதிலேயே நல்ல டயர் போடுங்கள், அழகுக்காகப் பெரிய அலாய் மாட்டி ஸ்டியரிங்கைக் கெடுக்க வேண்டாம். பெரிய அலாய் மாட்டிய வண்டி விற்பனைக்கு வந்தால், பழைய சக்கரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் முக்கியமாக, இரண்டு ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள டைட்டானியம் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள், ஐம்பதாயிரம் குறைகிறதே என்று மற்றதை எடுக்காதீர்கள்.