ஐரோப்பியக் கோபுரங்களுக்கு வாடகை லென்ஸ்

தருமபுரியில் கேமரா வாடகைக்கு விடும் ஒரு கடையிலிருந்து 10–18 மி.மீ. அகலக் கோண லென்ஸ் ஒன்றை ஐரோப்பியப் பயணத்திற்காகப் பன்னிரண்டு நாள்களுக்கு எடுத்துச் சென்றேன். புறப்படுவதற்கு முன், கோட்டைக் கோயில் மண்டபத்தின் மங்கிய ஒளியில் அதைச் சோதித்துப் பார்த்தது வீண் போகவில்லை.

இந்த லென்ஸின் பலமும் பலவீனமும் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் முன்னேதான் விளங்கின. 157 மீட்டர் உயரமுள்ள அந்த இரட்டைக் கோபுரங்கள், பின்னால் விலகிச் செல்ல அதிக இடமில்லாத சதுக்கத்திலிருந்தும் முழுமையாகச் சட்டகத்துக்குள் அடங்கின. ஆனால் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தவுடன் இரண்டும் பின்பக்கம் விழுவதுபோல் தோன்றின. கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே தேவையற்றுப் பதியும் தரையைப் பின்னர் வெட்டிவிடுவதே நான் கண்ட வழி.

1882இல் கட்டத் தொடங்கிய பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தில், மேற்குச் சன்னல்களின் வழியே பிற்பகலில் பரவும் செம்மஞ்சள் ஒளியை இது நிறம் கெடாமல் பதிவு செய்தது. முக்காலிக்கு அனுமதியில்லாத அவ்விடத்தில், ஒளியை உள்ளே விடும் எஃப் 4.5 என்ற துளை அளவு போதாததால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன் அளவை, உயர்த்த நேர்ந்து, படங்களில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் விழுந்தன. ஈஃபிள் கோபுரத்தின் இரவு விளக்கொளிக்குக் காப்புரிமை உண்டு என்பதால், அப்படங்களை விற்க நினைப்போர் முன்அனுமதி பெற வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை.

லென்ஸை ஒப்படைத்த அன்றே கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தந்தார். லென்ஸின் பின்மூடி மட்டும் தளர்வாக இருந்தது.