வாணவேடிக்கையைப் படம் பிடிக்க ‘ஒரே இரவில் பயிற்சி’: பணம் கட்டும் முன் படியுங்கள்

சிங்கப்பூரில் ஜூலை மாதத்தில் தேசிய தின அணிவகுப்பின் ஒத்திகைகள் களைகட்டத் தொடங்கியதும், வாணவேடிக்கையைப் படம் பிடிக்கக் கற்றுத்தரும் விளம்பரங்களும் வரிசைகட்டி வருகின்றன. அவற்றில் ஒன்றுக்கு நான் 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். தமிழிலேயே கற்றுத்தருவதாக அழைத்ததால் வந்தவர்கள் அத்தனை பேரும் நம்மவர்கள். நடத்தியவரின் பெயரை எழுதப்போவதில்லை. இப்படிப்பட்டவர்கள் பெயரை எளிதாக மாற்றிக்கொள்வார்கள், முறையை மாற்றமாட்டார்கள். அந்த முறையைச் சொல்கிறேன்.

எட்டுப் பேருக்கு மிகாத குழு, கூட்டம் வராத தனி இடம், கேமராவைப் பொருத்தும் முக்காலி இரவல், ஒவ்வொருவரின் கேமராவையும் ஆசிரியரே பார்த்துச் சரிசெய்வார். இவைதான் வாக்குறுதிகள். மாதிரிப் படத்தில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை நீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்க, பின்னால் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல், அதற்கு மேல் வானம் முழுக்க வாணம்.

தனி இடம் என்பது மரினா பேரேஜ் அணையின் கூரைப் புல்வெளி! 2008இல் திறந்த நாளிலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஏறிப் பாய் விரித்து உட்காரும் இடம். பிள்ளைகள் காற்றாடி விடும் இடம். அங்கிருந்து மெர்லயன் கண்ணுக்கே தெரியாது. அது சேண்ட்ஸ் கட்டடத்துக்கு அந்தப் பக்கம், விரிகுடாவின் மறுகரையில் இருக்கிறது. இடத்தைக் குறை சொல்லவில்லை. இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் தெற்குப் பக்கத்திலிருந்து வீசுவதால் புகை நம்மை விட்டு விலகிப்போகும். படமெடுக்க உண்மையிலேயே நல்ல இடம்தான். பொது இடத்தைத் தனி இடம் என்று விற்றதுதான் பித்தலாட்டம்.

எட்டுப் பேர் என்றார்கள், முப்பதுக்கு மேல் நின்றோம். முக்காலிகள் கைவிரலில் எண்ணும்படி இருந்தன. அவற்றில் நல்ல இரண்டை ஆசிரியரே எடுத்துப்போய் முன்வரிசையில் தன் கேமராக்களைப் பொருத்திக்கொண்டார். இருட்டும்வரை தன் பழைய படங்களைக் கைப்பேசியில் காட்டிப் பெருமை பேசினார். பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டளை: “ஐஎஸ்ஓ 3200 வையுங்கள், ஷட்டரை வேகமாக வையுங்கள், படம் கூர்மையாக வரும்.”

வாணவேடிக்கைக்கு இதைவிடத் தவறான ஆலோசனை கிடைப்பது கடினம். ஷட்டர் என்பது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு; அது வேகமாக மூடினால் ஒளிக்கோடுகள் பதியாது, சிதறிய புள்ளிகள்தான் பதியும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தவர்களுக்கோ அவ்வளவு உயர்ந்த ஐஎஸ்ஓவில், அதாவது ஒளியுணர்திறனில், வாணத்திலுள்ள ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பும் செம்பு தரும் நீலமும் வெளுத்து ஒரே வெள்ளையாகிவிட்டன. என் பக்கத்தில் நின்ற அக்காவின் புதுக் கேமரா ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் சில விநாடி உறைந்து நின்றது. ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும் படங்களில் நுண்புள்ளிகளை நீக்கும் வசதி அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது. ஐந்து விநாடி எடுத்தால் இன்னும் ஐந்து விநாடி அது வேலை செய்யும். அவர் “சார், சார்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சார் தன் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். வேடிக்கை முடிந்து, புகையும் கலைந்த பிறகு வந்து விளக்கம் சொன்னார், பந்தி முடிந்தபின் இலை போட்டது போல. கையோடு, படங்களை அழகாக்கும் மென்பொருள் தொகுப்பு என்று இன்னொரு 60 வெள்ளிக்கு விலை பேசினார்!

இந்த வகுப்புகளின் அடிப்படையே கோணல் என்பதுதான் என் கருத்து. வாணவேடிக்கை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதிலும் புகை சேராத தொடக்கக் கட்டம்தான் படத்துக்கு உகந்தது. அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் எதையும் கற்றுத்தர முடியாது. முன்கூட்டியே பயிற்சி வைக்காமல் வேடிக்கை நடக்கும் இரவில் மட்டும் நடத்தும் வகுப்பு, எவ்வளவு நல்லவர் நடத்தினாலும், வகுப்பே அல்ல.

வாணவேடிக்கையைப் படமெடுக்க எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும், திருமணப் படம் எடுக்கும் ஓர் அண்ணன். கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து சொன்னார்: ஐஎஸ்ஓ 100, லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப் 8 முதல் 16க்குள், ஃபோகஸைத் தொலைவிலுள்ள கட்டட விளக்கில் கையால் நிறுத்திவிட்டுத் தொடாதே, முக்காலியில் ஏற்றியதும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடு. ஷட்டரைப் பல்ப் முறையில் வைத்து, வாணம் மேலே கிளம்பும்போது ரிமோட்டில் திற, விரிந்து அடங்கியதும் மூடு. இரண்டு முதல் எட்டு விநாடிக்குள் முடிந்துவிடும். கைபழக, சாலை மேம்பாலத்தில் நின்று கார் விளக்குகளை எடுத்துப் பார்க்கச் சொன்னார். காப்பிக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “வாணவேடிக்கை நடந்ததா இல்லையா? நீங்கள் பார்த்தீர்களா இல்லையா?” சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போனேன், அவர்கள் எழுதிய கடிதத்துக்கு அவர் வாயே திறக்கவில்லை. சங்கம் சமரசம் பேசலாம், கட்டாயப்படுத்த முடியாது. அடுத்து சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளிதான்; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இருதரப்புக்கும் அனுமதியில்லை. விளம்பரத்தின் நகல், பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய ரசீது, கூட்டத்தை எடுத்த படம் மூன்றையும் இணைத்தேன். அழைப்பாணை கிடைத்ததும் ஆசிரியருக்குத் திடீரென்று நல்ல மனசு வந்துவிட்டது. பணம் முழுதாகத் திரும்பிவந்தது, கூடவே ஒரு சிரிப்பு இமோஜியும்.

சேர நினைப்பவர்கள் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த இடம், எத்தனை பேர், பயிற்சி எந்த நாள். இடத்தை ‘பிறகு சொல்கிறோம்’ என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். மாதிரிப் படத்தில் தெரியும் கட்டடங்கள் அவர்கள் சொல்லும் இடத்திலிருந்து அந்த வரிசையில் தெரியுமா என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள்.

அன்று அந்தப் புல்வெளியில் என்னோடு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நடுவர் மன்றத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. விளம்பரத்தை அவர் நீக்கிவிட்டார். என்னிடம் நகல் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். அந்த அக்கா பார்த்தால் அவசியம் தொடர்புகொள்ளவும்.