லியோதாரின் ‘பின்நவீன நிலை’: பாதி விலைக்கு வாங்கி, பாதிக்கு மேல் தேறிய புத்தகம்

பின்நவீனத்துவம் (எல்லாவற்றையும் விளக்கும் ஒரே பெரிய உண்மை என்பதைச் சந்தேகிக்கும் சிந்தனை) என்றாலே தெரிதா, பூக்கோ மாதிரி பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள், தலைசுற்றல் என்று ஒதுங்கிப் போகிறவன் நான். இதை வாங்கியதுகூட ஒல்லியாக இருந்ததால்தான். பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் பிரான்சுவா லியோதார் 1979-இல் பிரெஞ்சில் எழுதியது. என்னிடம் இருப்பது 1984-இல் மினசோட்டா பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆன்லைனில் பழைய பிரதி. ‘நல்ல நிலை’ என்று போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்ததில் முதல் இருபது பக்கம் முழுக்கப் பென்சில் கோடு, அதற்கப்புறம் ஒரு கோடுகூட இல்லை. முன்பு வைத்திருந்தவர் எங்கே கைவிட்டார் என்பது துல்லியமாகத் தெரிந்துவிட்டது!

பாவம், நல்ல இடம் வரும் முன்பே விட்டுவிட்டார். தத்துவ நூல் என்று நினைத்துத் திறந்திருப்பார். உண்மையில் இது ஓர் அறிக்கை. கனடாவின் கியூபெக் அரசின் பல்கலைக்கழக மன்றம், வளர்ந்த நாடுகளில் அறிவின் நிலைமை என்ன என்று எழுதித் தரச் சொன்னது, இவர் 14 சின்ன அத்தியாயங்களில் எழுதிக் கொடுத்தார். நம் சிறுபத்திரிகைகள் 90-களில் ‘பெருங்கதையாடல்’ (முன்னேற்றம், விடுதலை என்று எல்லாவற்றையும் ஒரே கதையில் அடக்கி நியாயப்படுத்தும் பெரிய விளக்கம்) என்று போட்டுப் புரட்டிய சங்கதி முன்னுரையிலேயே முடிந்துவிடுகிறது. சரக்கு இருப்பது 9-ஆம் அத்தியாயத்தில் பெர்லின் பல்கலைக்கழகம் எந்த லட்சியத்தோடு தொடங்கியது என்று பேசும் இடத்திலும், 11, 12-ஆம் அத்தியாயங்களிலும்.

12-ஆம் அத்தியாயத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். மாணவனும் அரசும் கல்லூரியும் இனி ‘இது உண்மையா?’ என்று கேட்கப் போவதில்லை, ‘இதனால் என்ன பயன்?’ என்றுதான் கேட்பார்கள், அதற்கு அர்த்தம் பெரும்பாலும் ‘இது விலைபோகுமா?’ என்கிறார். போன மாதம் எங்கள் துறையில் ஒரு படிவம் வந்தது, புறநானூற்றுப் பாடத்துக்கு நேராக ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்று ஒரு கட்டம், நான் ‘தகவல் தொடர்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். 1979-இல் இதை எப்படிக் கண்டுபிடித்தார் இந்த மனுஷன்? ஏற்கெனவே உள்ள அறிவைக் கடத்துவதற்குக் கணினி வலைப்பின்னல் போதும், அந்த வேலையில் பேராசிரியர் அதைவிடத் திறமைசாலி இல்லை என்றும் அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்.

‘உண்மை என்று ஒன்று கிடையாது’ என்று சொல்லிச் சொல்லியே பல்கலைக்கழகங்களைக் கெடுத்தது இந்தப் பின்நவீனத்துவக் கோஷ்டிதான் என்று திட்டுகிறவர்கள் இதைப் படித்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. கெடுத்தது எது என்று லியோதார் பெயர் சொல்லியே காட்டுகிறார்: செயல்திறன் கணக்கு, அதாவது போட்டதற்கு எவ்வளவு பலன் என்று மட்டும் பார்க்கிற கணக்கு. நோய் இது என்று சொன்ன வைத்தியர் மேலேயே பழி.

குறை இல்லாமல் இல்லை. குவாண்டம் இயற்பியல், பேரழிவுக் கோட்பாடு (திடீர் மாற்றங்களை விளக்கும் கணிதம்) என்று 13-ஆம் அத்தியாயம் தலைக்கு மேல் போகிறது. கடைசிக் கால்வாசி வெறும் குறிப்புகள். அவரே பின்னாளில் ஒரு பேட்டியில், படிக்காத புத்தகங்களையெல்லாம் இதில் மேற்கோள் காட்டினேன், என் நூல்களிலேயே மோசமானது இதுதான் என்று ஒப்புக்கொண்டாராம். முடிவில் சொல்லும் தீர்வும் சப்பென்று இருக்கிறது: தகவல் வங்கிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள் என்பதோடு சரி.

ஐந்துக்கு மூன்றரை. அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் எழுதிய அறிமுகத்தைத் தாண்டிவிட்டு 9, 11, 12 மட்டும் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். என் பென்சில் கோடுகளும் அங்கேதான் இருக்கின்றன.