ஆபரேஷன் முடிந்தது, கார் இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

கண்புரை ஆபரேஷன், முழங்கால் மாற்று, இதயத்தில் ஸ்டென்ட், வலிப்புக்கு மாத்திரை. இவற்றில் ஒன்றைக் கடந்து வந்து மறுபடி ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் சேலத்தில் எத்தனையோ பேர். மெடிக்கல் பாலிசிக்கு எல்லாக் காகிதத்தையும் தேடிக் கொடுக்கிறோம். கார் இன்சூரன்ஸுக்குச் சொல்லலாமே என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. சொல்லாமல் விடலாம், ஏஜென்டிடம் வாயால் சொல்லலாம், கம்பெனிக்கு எழுதலாம், குணமாகும்வரை, தேவைப்படும்போது மட்டும் கூலிக்கு வரும் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் சரி என்பது என் முடிவு.

சொல்லாமல் இருப்பவர்கள், "கம்பெனி கேட்கவே இல்லையே" என்பார்கள். ஆன்லைன் ரினியூவலில் பெரும்பாலும் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் புது பாலிசிக்கான ப்ரொபோசல் படிவங்களில், ஓட்டுபவருக்குப் பார்வை, கேட்கும் திறன், உடல் இவற்றில் குறை உண்டா என்ற கேள்வி நெடுங்காலமாக இருக்கிறது. அதற்குத் தெரிந்தே பொய்ப் பதில் போனால், சொந்தக் கார் சேதத்துக்கான க்ளெய்மில் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது இன்னொருவர் மேல் மோதிவிட்டால் கதை வேறு. லைசென்ஸ் கோளாறு உள்ள வழக்குகளில், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. உடல்நிலையை மறைத்ததைக் கம்பெனி கிளப்பினாலும் பாரம் நம் தலையில் வந்து விழலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது, வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. உடல் குறைபாட்டால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பணம் கிடையாது என்று அதன் வழக்கமான விதியிலேயே எழுதியிருக்கிறது. குடும்பம் நம்பியிருக்கும் பணம் அது. கம்பெனிக்குச் சொல்லிவிட்டாலும் அந்த விதி மாறாது. அதனால்தான் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தரும்வரை ஓட்டாதீர்கள் என்கிறேன்.

ஏஜென்டிடம் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் படிவத்தில் "இல்லை" என்று அவர் டிக் அடித்து நாம் கையெழுத்துப் போட்டால் அது நம் வாக்குமூலம். சொல்லாமல் இருப்பதைவிட இதுவே மோசம் என்பேன். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும், கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

எழுதுவது பத்து நிமிட வேலை. பாலிசி எண், என்ன சிகிச்சை, எந்தத் தேதி, ஓட்டலாம் என்ற டாக்டர் கடிதம், இவ்வளவையும் கம்பெனியின் மெயிலுக்கு அனுப்பி, "இதனால் என் பாலிசியில் ஏதாவது மாறுமா?" என்று கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிரீமியம் ஏறும் என்ற பயம் பலருக்கு. தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பகுதியின் பிரீமியத்தை அரசு காரின் இன்ஜின் சிசி-யை வைத்துத்தான் நிர்ணயிக்கிறது, அதில் உடல்நிலைக்கு இடமில்லை. சொந்தச் சேதப் பகுதியின் விலை மட்டும் கம்பெனியின் கையில். கை கால் வசதிக்காகக் காரில் எதையாவது மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் ஏற்ற வேண்டும், கம்பெனிக்கும் தெரிய வேண்டும்.

ஆர்டிஓ விஷயம் இதிலிருந்து தனி. லைசென்ஸுக்கான படிவம் 1-ல் வலிப்பு, திடீர் மயக்கம், மாலைக்கண் எல்லாம் கேட்கிறார்கள். 40 வயதைத் தாண்டினால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். ஆபத்து விளைவிக்கும் உடல்நிலை என்று தெரிந்தே ஓட்டினால் முதல் தடவை 1000 ரூபாய் வரை அபராதம். கம்பெனிக்குப் போட்ட மெயில் இங்கே செல்லாது.

அப்புறம் ஆக்டிங் டிரைவர். ஜங்ஷனுக்கோ ஐந்து ரோட்டுக்கோ போய்வர ஆட்டோ போதும். மலைக்கு ஏறுவதென்றால் கூலி கொடுத்து ஆள் வைப்பதே நல்லது, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கப் புது முழங்காலைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவருடைய லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். உங்கள் 15 லட்சம் அவருக்குப் பொருந்தாது. சம்பள டிரைவருக்கு அடிபட்டால் நாம் தர வேண்டிய ஈட்டை ஏற்கும் சட்டப் பொறுப்பு கவர் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள், வருடத்துக்கு 50 ரூபாய் அளவில்தான் ஆகும். எப்போதாவது வரும் ஆக்டிங் டிரைவருக்கும் அது பொருந்துமா என்பதை அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.