குளிர் பெஞ்சும் என் முழங்காலும்

அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர் செப்டம்பரில் ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். "நீங்கதான் ஃபிகர் ஸ்கேட்டிங் பைத்தியமாச்சே, எந்தப் போட்டிக்கு டிக்கெட் போடலாம்?" என்று கேட்டார். ஐஸில் சறுக்கியபடியே தாவிச் சுழலும் ஆட்டம் அது. மியூனிக்கில் மகன் இருக்கிற புண்ணியத்தில் சில வருடங்களாகப் பெரிய போட்டி, சின்னப் போட்டி இரண்டையும் பார்த்தாயிற்று.

பேரைப் பார்த்துப் போட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாருக்காக டிக்கெட் வாங்கினோமோ அவர் கடைசி வாரத்தில் காயம் என்று விலகிவிடுவார். எவ்வளவு பக்கத்தில் உட்காரலாம் என்று மட்டும் பாருங்கள். அந்த விஷயத்தில் சாலஞ்சர் என்கிற, பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள சர்வதேசப் போட்டிகளை அடித்துக்கொள்ள முடியாது. 1969 முதல் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் நடக்கும் நெபல்ஹார்ன் கோப்பை அதில் ஒன்று. ஆல்ப்ஸ் மலையூர்தான், ஆனால் உயரம் ஏற்காட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

எனக்குப் போட்டியைவிட வார்ம்-அப் பிடிக்கும். ஆறு பேர், ஆறு நிமிடம். ஒருவர் பின்பக்கமாகவே வேகமெடுத்து வருவார், இன்னொருவர் அதே மூலையில் தாவத் தயாராவார், மயிரிழையில் விலகுவார்கள். பிளேடு கரகரவென்று கீறுவது காதில் விழும். டிவியில் கேமராவும் கூடவே ஓடுவதால் இந்த வேகம் தெரிவதே இல்லை.

சின்னப் போட்டிதானே என்ற இளக்காரமும் வேண்டாம். அமெரிக்க வீரர் இலியா மாலினின் உலகிலேயே முதன்முதலாக நாலரைச் சுற்று ஆக்ஸல் (முன்பக்கம் பார்த்தபடி எம்பிச் சுழலும் தாவல்) போட்டது 2022 செப்டம்பரில், லேக் பிளாசிடில் நடந்த ஒரு சாலஞ்சரில்தான்.

ஆனால் குளிர் இருக்கிறதே! சின்ன அரங்குகளில் ஐஸை ஒட்டியே பெஞ்சு. போன தடவை ஓர் அரங்கில் (பேர் வேண்டாம்) ஏற்காட்டு மார்கழிக்கு எடுத்த ஸ்வெட்டர் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மேலே மூடி என்ன பிரயோஜனம், குளிர் பெஞ்சிலிருந்து அல்லவா ஏறுகிறது! ஐஸை மெழுகும் வண்டி வரும்போது எழுந்து காபிக்கு ஓடினால், திரும்பி வரும்போது இடம் போயிருக்கும். ஊர் வந்தும் ஒரு வாரம் முழங்காலில் தைலம் தேய்த்தேன். இத்தனைக்கும் டிக்கெட் விலை சல்லிசு, ஆட்டம் அற்புதம், ஒரு குறையும் சொல்ல முடியாது.

நண்பர் தாராளமாகப் போகட்டும், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறுகிற ஆள். நான் இனி மார்ச்சில் நடக்கும் உலகப் போட்டிக்குத்தான் டிக்கெட் போடப் போகிறேன். மேல் வரிசையிலிருந்து ஆட்கள் எறும்பாகத் தெரிந்தாலும் சரி, நாற்காலியில் மெத்தை இருக்கும்.