ஹாரிஸும் ராபின்சனும்: இரு பேராயர்கள், இரு துணிவு

இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகளின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோபல் திருச்சபையில் துணிச்சலுக்கு இந்த இருவரையே முதலில் சொல்வேன். 1989-இல் பாஸ்டனில் துணைப் பேராயரான பார்பரா ஹாரிஸ், உலக ஆங்கிலிக்கன் சபைகளிலேயே முதல் பெண் பேராயர். அதுவும் கறுப்பினப் பெண். கொலை மிரட்டல்கள் வந்தன. குண்டு துளைக்காத கவச உடையைப் போலீஸ் தர முன்வந்தும் மறுத்துவிட்டார்.

தன்பாலின ஈர்ப்பை மறைக்காத ஜீன் ராபின்சன், 2003-இல் நியூ ஹாம்ப்ஷயர் பேராயரானபோது, அத்தகைய கவசத்தைத் திருவுடைக்குள் அணிந்தே மேடையேறினார். அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். அவரை ஏற்க மறுத்துப் பலர் திருச்சபையை விட்டே வெளியேறினார்கள்.

ஆனாலும் என் மனம் ஹாரிஸ் பக்கமே சாய்கிறது. அவர் எண்ணெய் நிறுவனமொன்றில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். இறையியல் கல்லூரிப் பட்டம் இல்லாதவர். 1974-இல் பிலடெல்பியாவில் சபையின் அனுமதியின்றி 11 பெண்கள் குருக்களானபோது, சிலுவையை ஏந்தி முன்னே நடந்தவரும் அவர்தான்.